குதிகாலில் வந்த ஏழாவது புண்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களின் சமூகத்துக்கு,

நான் நலம். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது உத்தமம். ஏனென்றால் இந்தக் கடிதம் போகப்போக என் உடம்பில் ஆறு புண்கள் வரப்போகின்றன. எதற்கும் பதற வேண்டாம். ஏழாவதாக ஒன்று வரும், அதற்கு மட்டும் தாங்கள் கொஞ்சம் பதறினால் போதும். தாங்களும் சம்பந்தி அம்மாளும் அங்கே சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் எல்லாருடைய விருப்பம். தங்கள் கடிதத்தைப் பார்த்தால் சம்பந்தி அம்மாள் சௌக்கியம் போலத்தான் தெரிகிறது. தாங்கள்தான் ரத்தக் கொதிப்போடு எழுதியிருக்கிறீர்கள்.

"என் மகளின் வேலையைக் கெடுப்பதற்கென்றே அங்கே போய்ப் படுத்தீர்களா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. பெண்ணைப் பெற்றவர் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? மருமகள் தொலைபேசியில் தங்களிடம் சொன்னது இரண்டே வரி: தேர்வு ரத்தாகிவிட்டது, மாமா அங்கே படுத்திருந்தார். இந்த இரண்டு வரியை மட்டும் வைத்துக்கொண்டு என்னைப் பற்றி யாராலும் நல்லவிதமாக நினைக்க முடியாது, என்னாலேயே முடியவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டும் திட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகத் திட்டலாம். ஆனால் திட்ட மாட்டீர்கள், பாராட்டுவீர்கள் என்பது என் நம்பிக்கை.

நான் ஓய்வு பெற்றது தங்களுக்குத் தெரியும். ரயில் நிலையத்தில் ஒலிபெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்தவன். ஊரில் என் முகம் ஒருவருக்கும் தெரியாது, குரல் எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் குரலைக் கேட்க ஆளில்லை. மகன் அலுவலகம் போய்விடுவான், மருமகள் மருத்துவமனைக்கு, பேத்தி பள்ளிக்கூடத்துக்கு. மிச்சமிருப்பவள் என் மனைவி. அவளும், "சும்மா சும்மா படுத்துக் கெடக்காதீங்க, பாய் தேஞ்சுடும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள், நான் தேய்வதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் நடக்கப் போன வழியில் செவிலியர் பயிற்சி நிலையத்து வாசலில் ஒரு பலகை பார்த்தேன்: "அசையாமல் படுத்திருக்க ஆட்கள் தேவை." சம்பந்தி, என் தகுதிக்கு இவ்வளவு பொருத்தமான வேலையை நான் என் ஆயுசில் கண்டதில்லை. அப்படியே உள்ளே போய்ச் சேர்ந்துவிட்டேன். வீட்டில் நூலகத்துக்குப் போவதாகச் சொன்னேன். படுத்துக் கிடப்பதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று என் மனைவியிடம் சொன்னால் அப்புறம் நான் அந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடமாட முடியுமா?

வேலை இதுதான். எழுந்திருக்க முடியாமல் படுக்கையிலேயே கிடக்கும் நோயாளிகளுக்குத் தோலில் புண் வரும் அல்லவா, எல்லாப் புண்ணும் ஒரே புண் இல்லையாம். படுக்கை அழுத்தி வருவது ஒன்று, ஈரத்தில் ஊறி வருவது ஒன்று, மெல்லிய தோல் உரசிக் கிழிவது ஒன்று. அழுத்தி வருவதிலேயே நான்கு நிலைகள். தோல் உடையாமல் நிறம் மட்டும் மாறினால் முதல் நிலை, மேல்தோல் போனால் இரண்டாம் நிலை, அதற்கும் கீழே கொழுப்பு தெரிந்தால் மூன்று, எலும்பு வரைக்கும் போய்விட்டால் நான்கு. ஒன்றை இன்னொன்று என்று எழுதிவைத்தால் வைத்தியமும் மாறிப்போகும், நோயாளி பாடு திண்டாட்டம். அதனால் பார்த்தவுடன் இனம் பிரிக்க நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுத்துத் தேர்வு வைக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரு ரப்பர் பொம்மையை வைத்துத்தான் நடத்தினார்களாம். அது நல்ல ரோஜா நிறத்துப் பொம்மை. பொம்மை போதாது, மனிதத் தோல்தான் வேண்டும் என்று பயிற்சி மேடம் முடிவு செய்ததால் என் கறுத்த தோலுக்கு ஒரு வேலை கிடைத்தது.

காலையில் போனதும் மெழுகு அக்கா கையில் என்னை ஒப்படைத்துவிடுவார்கள். அக்கா முன்பு கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தவள். "பொண்ணுங்க அழுதா நம்ம வேலை கலைஞ்சுடும் சார், புண்ணு அப்படிக் கலையாது" என்பாள். சின்ன அடுப்பில் மெழுகை உருக்கி, சாயம் குழைத்து, என் மேல் ஆறு புண்கள் ஒட்டுவாள். எது எங்கே என்று ஒன்றுவிடாமல் தங்களுக்கு எழுதுவது மரியாதையாக இருக்காது, முழங்கை, தோள், இடுப்பு என்று மேலோட்டமாக நிறுத்திக்கொள்கிறேன். "இன்னிக்கு உங்க மூணாம் நிலை ரொம்ப அழகா வந்திருக்கு சார்" என்று அவள் பின்னால் தள்ளி நின்று பார்க்கும்போது எனக்கே பெருமையாக இருக்கும். பிறகு முகத்தின் மேல் மெல்லிய வெள்ளைத் துணி போட்டுவிடுவார்கள். நர்ஸுகள் முகத்தைப் பார்த்து விடை கண்டுபிடிக்கக் கூடாது, தோலைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மேடத்தின் கொள்கை. எனக்கு இரண்டே விதி: அசையக் கூடாது, பேசக் கூடாது. காலமெல்லாம் பேசிச் சம்பளம் வாங்கியவனுக்கு இப்போது பேசாமலிருக்கச் சம்பளம்.

அந்தத் துணிக்குள் படுத்திருப்பது எப்படி இருக்கும் என்று தங்களுக்கு எப்படிச் சொல்வேன்? ஜன்னல் வெளிச்சம் துணி வழியாக வடிகட்டிக்கொண்டு வந்து இமை மேல் உட்காரும். திரைச்சீலை மூச்சு விடும். எங்கோ தூரத்தில் கிண்ணத்தைக் கிண்ணத்தில் வைக்கும் சத்தம். யாரோ ஒரு பெண் என் முழங்கையைப் பற்றி மெல்லிய குரலில் கவலைப்படுவாள், இன்னொருத்தி என் இடுப்பைப் பற்றி வருத்தத்தோடு விசாரிப்பாள். வீட்டில் என் இடுப்புக்காக யாரும் இவ்வளவு வருந்தியதில்லை சம்பந்தி. கொஞ்ச நேரத்தில் தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் நடுவில் ஓர் இடம் வந்துவிடும். அங்கே ஒரு நடைமேடை. நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். வண்டிகள் சத்தமே போடாமல் வந்து நிற்கும், வெள்ளைச் செருப்பு போட்டவர்கள் இறங்குவார்கள், ஒருவருக்கும் அவசரம் இருக்காது. எது எந்த மேடை என்று அறிவிக்க வாயைத் திறப்பேன், குரல் வராது. வராததில் ஒரு வருத்தமும் இருக்காது. எல்லாரும் அவரவர் வண்டியைத் தாங்களே கண்டுபிடித்து ஏறிக்கொள்வார்கள். நான் இல்லாமலே எல்லாம் நடக்கிறதே என்று நிம்மதியாக இருக்கும். இப்படி ஓர் இன்பத்தை நான் எந்த நூலகத்திலும் கண்டதில்லை.

ஒருநாள் அந்த மயக்கத்திலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன், முழங்கைப் புண்ணைக் கழற்ற மறந்துபோய். என் மனைவி பார்த்துவிட்டாள். அலறினாள். தடுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். உடனே அலமாரியைக் குடைந்து ஒரு பச்சை டியூப் களிம்பை எடுத்து வந்து, கண்ணீர் விட்டுக்கொண்டே தேய்த்தாள், தேய்க்கத் தேய்க்கப் புண் அப்படியே அவள் கையோடு வந்துவிட்டது. கீழே பார்த்தால் தோல் மாசுமருவில்லாமல் இருக்கிறது. வேறு வழியில்லாமல், "பரவாயில்லையே, நல்ல மருந்தா இருக்கே" என்றேன். அன்றிலிருந்து அவள் அந்தக் களிம்பின் புகழைத் தெருத்தெருவாகப் பரப்பி வருகிறாள். தங்களுக்கும் ஒரு டியூப் அனுப்பினாள் அல்லவா? அதை எதற்கும் உபயோகிக்க வேண்டாம். அவளிடம் இதைச் சொல்லவும் வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் வேலை பார்க்கும் மருத்துவமனையில் காயங்களைக் கவனிக்கத் தனியாக ஒரு நர்ஸ் பதவி போட்டார்கள் என்பதும், அதற்குப் பகல் வேலை மட்டும்தான், இரவு முறை கிடையாது என்பதும் தாங்கள் அறிந்ததே. குழந்தையைத் தினமும் தானே தூங்கவைக்கலாம் என்று அவள் எவ்வளவு ஆசையாக இருந்தாள் என்பதும் தெரியும். அதற்கு இந்தத் தேர்வில் தேற வேண்டும். ஏற்கெனவே ஒரு தடவை அந்த ரோஜா பொம்மையில் தோற்றுவிட்டாள். "தொட்டா பொம்மைக்குச் சூடே இல்ல மாமா, நான் எதைன்னு கண்டுபிடிக்கிறது?" என்று சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அழுதாள். மறுபடி தோற்றால் அப்புறம் எழுதவே முடியாது. அப்படிப்பட்டவள் ஒரு சாயங்காலம் வந்து, "நாளைக்குத் தேர்வு மாமா, இந்த முறை நிஜ ஆளைப் படுக்க வைக்கிறாங்களாம்" என்று சந்தோஷமாகச் சொல்லி, நிலையத்தின் பெயரையும் சொன்னாள். நான் பிசைந்துகொண்டிருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டேன். ஏனென்றால் அந்த நிஜ ஆள் நான். உறவுக்காரர் படுத்தால் அந்த நர்ஸின் தேர்வு ரத்து என்று அங்கே சுவரில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

மாடிக்குப் போய் மேடத்துக்கு ரகசியமாகத் தொலைபேசினேன், நாளை வர முடியாது, உடம்பு சரியில்லை என்றேன். "நீங்க வரலன்னா தேர்வே கிடையாது சார், இப்ப ஆளுக்கு எங்கே போவேன்? அடுத்தது இனி எப்பன்னு எனக்கே தெரியாது" என்றார். அதற்குள் அந்தப் பதவியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னாலும் தேர்வு இல்லை, போகாவிட்டாலும் தேர்வு இல்லை. போய்ப் படுத்து வாயை மூடிக்கொண்டிருந்தால் மட்டும்தான் தேர்வு உண்டு. முகத்தில்தான் துணி இருக்கிறதே, யாருக்குத் தெரியப்போகிறது? தாங்களாக இருந்தாலும் போயிருப்பீர்கள் சம்பந்தி, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள்.

அன்றைக்கென்று பார்த்து எனக்குப் போடும் காற்று மெத்தை ஓட்டையாகி, சீட்டியடித்துக்கொண்டே சப்பையாகிவிட்டது. வெறும் பலகை மாதிரி ஒரு கட்டில். மற்ற நாட்களில் ஒருத்தி போய் இன்னொருத்தி வருவதற்குள் காலைக் கொஞ்சம் மாற்றிப் போட்டுக்கொள்வேன். அன்று பயத்தில் அதுவும் செய்யவில்லை, செத்த பிணம் தோற்றது. முதலில் இடது குதிகால் எரிந்தது. பிறகு வலித்தது. பிறகு வலியும் அந்த நடைமேடையில் ஏறி எங்கோ போய்விட்டது, குதிகால் என்று ஒன்று எனக்கு இருந்ததே மறந்துவிட்டது. முதலில் வந்த நர்ஸ் குதிகாலைத் தூக்கியே பார்க்கவில்லை. இரண்டாவது வந்தவள் பார்த்தாள். "அக்கா, நேத்துப் போட்ட சாயத்தைச் சரியாத் துடைக்கலயா?" என்று கேட்டு, தானே ஸ்பிரிட் போட்டு நன்றாகத் துடைத்துவிட்டு, ஆறு புண்களையும் சரியாகச் சொல்லிவிட்டுப் போனாள். கெட்டிக்காரப் பெண்தான்.

அப்புறம் ஒரு நடைச் சத்தம் கேட்டது. என் வீட்டுக் கூடத்தில் தினமும் கேட்கும் நடை அது. மற்றவர்கள் வந்தவுடன் வேலையை ஆரம்பித்துவிடுவார்கள், இவள், "ஐயா, தொடப்போறேன், கை கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்" என்றாள். பொம்மையாகக் கிடப்பவனிடம் அதுவரை ஒருத்தியும் அனுமதி கேட்டதில்லை. ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். தோளில் இருப்பது தோல் கிழிசல். இடுப்பில் மூன்றாம் நிலை. "அக்குள்ல இருக்கிறது அழுத்தத்தால வந்தது இல்ல மேடம். எலும்பு மேல இல்லாம மடிப்புல இருக்கு, ஓரம் மங்கலா இருக்கு. இது ஈரத்தால வந்தது." பிறர் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் சறுக்குவார்கள். துணிக்குள் நான் சிரித்துக்கொண்டே கிடந்தேன், பேத்தியைத் தூங்கவைக்கும் சத்தம்கூட என் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. ஆறும் முடிந்தது. மேடம், "ரொம்ப சரி" என்றார். அப்போது இவள் என் குதிகாலை உள்ளங்கையில் ஏந்தினாள், புறங்கையை அதன் மேல் வைத்தாள், எடுக்கவில்லை.

"மேடம், இன்னொண்ணு இருக்கு."

"என்கிட்ட ஆறுதாம்மா இருக்கு."

"குதிகால்ல இருக்கு. முதல் நிலை."

மேடம் தம் மேசையிலிருந்தே எட்டிப் பார்த்தார். "சிவப்பே இல்லையே?"

"இவர் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது மேடம். கொஞ்சம் கருத்திருக்கு பாருங்க. சுத்தி இருக்கிற இடத்தைவிடச் சூடா இருக்கு, கெட்டியா இருக்கு. அழுத்திப் பார்த்தேன், அந்தக் கருப்பு கலையல. இது அக்கா ஒட்டினது இல்ல. இவருக்கே வந்தது."

"இங்க பாரும்மா, இல்லாத புண்ணை எழுதினா மொத்த மார்க்கும் போயிடும், அதுதான் விதி. ஆறையும் அருமையாச் சொல்லிட்டே. அதோட எழுதிக் குடுத்துட்டுப் போ. நீ பாஸ்."

சம்பந்தி, திரைச்சீலைகூட நின்றுவிட்டது. 'போயிடும்மா, போயிடு' என்று நான் உள்ளுக்குள் கதறுகிறேன். ஒரு கையெழுத்துதான் பாக்கி, பகல் வேலை, குழந்தை, எல்லாம் அந்த வாசலுக்கு அப்பால் நிற்கிறது. இவள், "ஏழுன்னு எழுதிக்கோங்க மேடம்" என்றாள். சொல்லிவிட்டு ஒரு தலையணையை எடுத்து என் கெண்டைக்கால் கீழே கொடுத்துக் குதிகாலைக் கட்டிலில் படாமல் தூக்கி வைத்தாள். ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில், என்னை அப்படியே ஒருக்களித்துத் திருப்பினாள். மூன்றாம் நிலை டப்பென்று கழன்று தரையில் விழுந்தது. "ஐயோ, என் மூணாம் நிலை!" என்று மெழுகு அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். மேடம் பேனாவை எடுத்துவிட்டார். "இல்லாத புண்ணைச் சொன்னது ஒண்ணு, படுத்திருக்கிறவரைக் கேட்காம நகர்த்தினது ஒண்ணு. ஃபெயில்மா. இது ரெண்டாவது தடவை, இனி உன்னால எழுத முடியாது."

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பேசாமல் கிடந்தால் அவள் தோற்றவள், இனிமேல் எந்தக் காலத்திலும் அந்தப் பதவி இல்லை. பேசினால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், தேர்வு ரத்து, இந்தத் தடவை பதவி போகும், ஆனால் இன்னொரு தடவை எழுதலாம். நான் இதையெல்லாம் நிதானமாக எடைபோட்டு முடிவெடுத்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் பாதிக் கனவில் இருந்தேன். வாயைத் திறந்தேன், இத்தனை நாள் வராத குரல் அன்று முழு வீச்சில் வந்துவிட்டது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு! குதிகாலில் இருப்பது நிஜப் புண். குதிகாலில் இருப்பது நிஜப் புண்."

இரண்டு தடவை சொன்னது பழக்கதோஷம். மேடத்தின் பேனா கீழே விழுந்தது. "இந்தக் குரலை நான் எங்கயோ கேட்டிருக்கேனே" என்றார். மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டு, "மாமா!" என்றாள். பாவம், அவளுக்கு அவ்வளவு அதிர்ச்சி. மேடம் துணியை விலக்கினார், என் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்தார். பிறகு கட்டில் காலடியில் குந்தி உட்கார்ந்து, தாமே என் குதிகாலில் புறங்கையை வைத்தார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். "நிஜம்தாம்மா. மேசையில உட்கார்ந்துக்கிட்டு இல்லன்னு சொல்லிட்டேன், மன்னிச்சுக்கோ" என்றார். நல்ல மனுஷி. ஆனால் விதி விதிதான். தோல்வி என்பதை அடித்துவிட்டு ரத்து என்று எழுதினார். பதவி ஸ்பிரிட் போட்டுத் துடைத்தவளுக்குப் போய்விட்டது. மருமகள் இந்த வாரமும் இரவு முறைக்குத்தான் போகிறாள்.

இதுதான் நடந்தது. ஆகவே வேலையைக் கெடுத்தவன் என்று தாங்கள் எழுதியிருப்பதை வாபஸ் வாங்கிக்கொள்ள வேண்டும். நான் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் தோற்றவளாகவே இருந்திருப்பாள். என் வேலை போனாலும் பரவாயில்லை, வீட்டில் என் மானம் போனாலும் பரவாயில்லை என்று துணிந்து அவளைக் காப்பாற்றியவன் நான். இதில் தங்களுக்கும் ஒரு பெருமை இருக்கிறது. துணிக்குக் கீழே இருப்பது யாரென்றே தெரியாமல், யாரோ ஒரு கிழவன் குதிகாலுக்காகக் கைக்கு வந்த பாஸை வேண்டாம் என்று சொன்னாளே, அது தங்கள் வளர்ப்பு. அவளிடம் இதைப் பற்றிக் கோபமாக எதுவும் கேட்க வேண்டாம். அடுத்த தேர்வுக்கு நான் அந்தத் தெருப் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

சம்பந்தி அம்மாளுக்கு என் மனைவியும் நானும் விசாரித்ததாகச் சொல்லவும். தங்களுக்கு எல்லா நலமும் பெருகட்டும், ரத்தக் கொதிப்பு குறையட்டும்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள சம்பந்தி

பி.கு.: கடிதத்தை மருமகளிடம் கொடுத்து வேலைக்குப் போகிற வழியில் தபாலில் போடச் சொன்னேன். "அப்பாவுக்குத்தானே, படிக்கலாமா மாமா?" என்று கேட்டு, நின்றபடியே படித்தாள். களிம்பு வந்த இடத்தில் சிரித்தாள். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்திவிட்டாள்.

"யாருன்னே தெரியாமன்னு எழுதியிருக்கீங்களே மாமா?"

"ஆமாம்மா, முகத்தைத்தான் மூடியிருந்தாங்களே."

"காலை மூடலயே. மாசாமாசம் உங்க கால் நகத்தை வெட்டிவிடறது யாரு? நான் வெட்டின நகம் எனக்குத் தெரியாதா? உள்ளே வந்ததுமே தெரிஞ்சுடுச்சு."

நான் குனிந்து என் கால் நகங்களைப் பார்த்தேன். அப்புறம், "அப்ப ஆறை எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்கலாமேம்மா, நானும் சொல்லியிருக்க மாட்டேன், நீயும் சொல்லியிருக்க மாட்டே" என்றேன்.

"எனக்கு அப்புறம் இன்னும் ரெண்டு பேர் பாக்கி இருந்தாங்க மாமா. முடிய சாயங்காலம் ஆகும். என் தேர்வு கெட்டுடும்னு நீங்க அதுவரைக்கும் அசையவும் மாட்டீங்க, வலிக்குதுன்னு வாயைத் திறந்து சொல்லவும் மாட்டீங்க. அதுக்குள்ள தோல் உடைஞ்சிருக்கும்."

ஆகவே சம்பந்தி, காப்பாற்றினேன் என்று மேலே நான் எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் என்னை எடுத்துவிட்டுத் தங்கள் மகளை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள். கடிதத்தை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு திருத்தி எழுதத்தான் உட்கார்ந்தேன், கண்ணை மறைக்கிறது, வரி தெரியவில்லை. வேலையைக் கெடுத்தவன் நான்தான். திட்டி ஒரு கடிதம் போடுங்கள், படுத்துக்கொண்டே படிக்கிறேன். ராத்திரி வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் என் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துவிட்டு, தான் வரும் வரைக்கும் எழுந்திருக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.